நீச்சல் குளத்தில் புதைந்த 533 ரீல்கள்: டாசன் சிட்டி திரைப்படக் கண்டெடுப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

1978 கோடைக்காலம். கனடாவின் வடமேற்கு ஓரத்தில், யூகான் பிரதேசத்து டாசன் சிட்டியில் புதிய பொழுதுபோக்கு மையம் கட்ட அடித்தளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பொக்லைன் ஓட்டியவர் ஃபிராங்க் பாரெட். ஊர் மன்ற உறுப்பினர், பெந்தெகொஸ்தே சபைப் போதகரும்கூட. மண்ணோடு துருப்பிடித்த தகர டப்பாக்களும், சுற்றிச் சுற்றி வைத்த கருத்த நாடாக்களும் மேலே வந்தன. அவர் வண்டியை நிறுத்தினார்.

நிறுத்தாமல் இருந்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அந்தப் பகுதியில் கோடை என்பது சில மாதம்தான். அதற்குள் மண் வேலையை முடித்தாக வேண்டும். குப்பை என்று லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தால் மௌனப்படக் காலத்தின் 533 ரீல்கள், 372 தலைப்புகள், கேள்வி கேட்பாரின்றிப் போயிருக்கும்.

இந்தக் கதையை எங்கே சொன்னாலும் “பனி காப்பாற்றியது” என்று சொல்லித்தான் முடிக்கிறார்கள். என் பார்வையில் அது பாதிக் கதை. பனிக்கு முன்னால் ஒரு வங்கி இருந்தது, ஒரு நூலகம் இருந்தது, ஹாக்கிச் சங்கத்துப் பொருளாளர் ஒருவர் இருந்தார். இவர்களில் யாருக்கும் சினிமா வரலாற்றைப் பற்றிக் கவலையில்லை. கையில் வந்த பொருளை அடுத்த கை வாங்கும்வரை வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். பனிக்குப் பின்னால் அக்கறையுள்ள சிலர் வந்து சேர்ந்தார்கள். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி எப்படிப் பிடித்துக்கொண்டது, எது நழுவியது என்று பார்ப்பதற்காகவே இந்நிகழ்வை எடுத்துக்கொண்டேன். சிற்றூர்க் கொட்டகைகளின் வரலாற்றைக் காப்பாற்ற நினைக்கும் எவருக்கும் இதைவிடப் பொருத்தமான பாடம் கிடைப்பது அரிது.

ஊரும் கொட்டகையும்

க்ளாண்டைக் ஆறு யூகான் ஆற்றில் கலக்கும் இடம் ட்ரோண்டெக் ஹ்வெச்சின் பூர்வகுடி மக்களின் மண். 1896 ஆகஸ்டில் பக்கத்து ஓடையொன்றில் தங்கம் கிடைத்தது. செய்தி பரவியதும் உலகத்தின் நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். 1898-இல் டாசனில் ஏறத்தாழ 30,000 பேர். அடுத்த ஆண்டே அலாஸ்காவின் நோம் கடற்கரையில் தங்கம் என்று கேள்விப்பட்டுக் கூட்டம் கலைய ஆரம்பித்தது. 1902-இல் 5,000 பேர்கூட இல்லை. வீங்கிய வேகத்திலேயே வற்றிய ஊர்.

ஆனால் வீங்கிய காலத்தில் கட்டிய அரங்குகள் அப்படியே நின்றன. ‘அரிசோனா சார்லி’ மெடோஸ் 1899-இல் கட்டிய பேலஸ் கிராண்ட் அரங்கம் அவற்றில் ஒன்று. ஆர்ஃபியம் இன்னொன்று; அதை நடத்தியவர்களில் ஒருவரான அலெக்சாண்டர் பான்டஜஸ் பிற்பாடு அமெரிக்காவில் பெரிய அரங்கத் தொடருக்கே முதலாளியானார். ஹாலிவுட்டில் 1927-இல் புகழ்பெற்ற சைனீஸ் தியேட்டரைத் திறந்த சிட் கிரௌமனும் சிறுவயதில் இதே டாசன் தெருக்களில் பத்திரிகை விற்றவர். தங்கம் தேடி வந்த கூட்டம் மாலையில் வேடிக்கை பார்க்கக் காசு கொடுக்கும் என்பதை இந்த இருவரும் இங்கேதான் கண்ணால் பார்த்தார்கள். அமெரிக்க சினிமா அரங்குகளின் வரலாற்றுக்கு இவ்வளவு சின்ன ஊர் இத்தனை ஆட்களைக் கொடுத்திருப்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

நம் ஆய்வுக்கு முக்கியமான கட்டடம் வேறு. 1902-இல் வந்த டாசன் அமெச்சூர் தடகளச் சங்கத்தின் மன்றம், சுருக்கமாக டி.ஏ.ஏ.ஏ. அதற்குள் பனிச்சறுக்கு மைதானம், நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம் எல்லாம் இருந்தன. படமும் அங்கேயே காட்டினார்கள். சிற்றூரில் எப்போதும் இப்படித்தான்: விளையாட்டுக்கும் கூட்டத்துக்கும் சினிமாவுக்கும் ஒரே கூரை. நம் கதையின் திருப்பமே இந்த ஒரே கூரையில்தான் இருக்கிறது.

திரும்பாத பெட்டிகள்

அக்காலத்தில் படச்சுருளைக் கொட்டகைக்காரர் விலைக்கு வாங்குவதில்லை. விநியோகஸ்தர் வாடகைக்கு அனுப்புவார்; ஓட்டி முடித்ததும் பெட்டி அடுத்த ஊருக்குப் போக வேண்டும். பெருநகரத்தில் புது மெருகோடு ஓடும் பிரிண்ட், படிப்படியாகச் சின்ன ஊர்களுக்கு இறங்கும். ஒவ்வொரு ஊரிலும் ஒரு கீறல், ஓர் ஒட்டு. டாசன் அந்த வரிசையில் கடைசி ஊர். அதற்கு அப்பால் பெட்டி போக வேறு கொட்டகை கிடையாது.

டாசனுக்குப் பெட்டி வந்த வழியைப் பார்த்தால் சங்கதி விளங்கும். பசிபிக் கரைத் துறைமுகங்களிலிருந்து கப்பலில் அலாஸ்காவின் ஸ்காக்வே. அங்கிருந்து 1900-இல் முடிந்த மலை ரயிலில் வைட்ஹார்ஸ். பிறகு கோடையானால் நீராவிப் படகு; ஆறு உறைந்துவிட்டால் குதிரை பூட்டிய சறுக்கு வண்டி, 500 கிலோமீட்டருக்கும் மேல். ஒரு படம் வெளியாகி டாசன் திரைக்கு வர இரண்டு மூன்று ஆண்டு ஆகும். அதற்குள் பெருநகர ரசிகர்கள் அந்தப் படத்தையே மறந்திருப்பார்கள்.

இவ்வளவு தூரம் அடிபட்டு வந்த பிரிண்டைத் திரும்ப வரவழைக்கும் கூலி, அந்தப் பிரிண்டின் மதிப்பைத் தாண்டிவிடும். ஆகவே திருப்பி அனுப்பவேண்டாம் என்றார்கள் விநியோகஸ்தர்கள். அதற்காகக் கொட்டகைக்காரரிடமே விட்டுவிடவும் முடியாது. வாடகை கொடுக்காமல் மறுபடி ஓட்டிவிடக்கூடும். ஊரில் நம்பகமான பொது இடம் வேண்டும். கனடியன் பேங்க் ஆஃப் காமர்ஸின் டாசன் கிளை அந்தப் பொறுப்பை ஏற்றது. நாளடைவில் இடம் போதாமல் பெட்டிகள் கார்னகி நூலகத்தின் நிலவறைக்குப் போயின. ஆண்டுக்கு ஆண்டு அடுக்கு உயர்ந்தது.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்தப் பெட்டிகள் தப்பியதற்கு முதல் காரணம் அவற்றுக்கு விலை இல்லாமல் போனது. மற்ற ஊர்களில் விலை இருந்ததால்தான் அழிந்தன. ஒழுங்காகத் திரும்பிப் போன பிரிண்டுகளை நிறுவனங்கள் வெள்ளி எடுப்பதற்காகக் கரைத்தன. கருப்பு வெள்ளைப் பிம்பம் என்பதே ஜெலட்டினில் பதிந்த வெள்ளித் துகள்தானே. மிஞ்சியவற்றைக் கிடங்குத் தீ தின்றது. 1937 ஜூலையில் நியூ ஜெர்சியின் லிட்டில் ஃபெர்ரியில் ஃபாக்ஸ் நிறுவனத்தின் கிடங்கு எரிந்தபோது ஒரு ஸ்டூடியோவின் மௌனப்படக் காலமே ஏறக்குறையப் புகையாகிப் போனது. 2013-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக டேவிட் பியர்ஸ் எடுத்த கணக்குப்படி, 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வெளியான மௌன முழுநீளப் படங்கள் 10,919. மூல வடிவத்தில் முழுமையாக எஞ்சியிருப்பவை 1,575. நூற்றுக்குப் பதினான்கு. டாசன் பெட்டிகள் ஒழுங்காகத் திரும்பிப் போயிருந்தால் மற்ற 86-இன் பக்கம் சேர்ந்திருக்கும்.

குளத்தை நிரப்பியது

1929-இல் நூலக நிலவறை நிரம்பி வழிந்தது. வெளியுலகில் பேசும்படம் வந்துவிட்டது. ஊமைப்படத்தை இனி யார் கேட்கப் போகிறார்கள்? அழித்துவிடுங்கள் என்று விநியோகஸ்தர்கள் சொல்லிவிட்டார்கள். ஊரில் குவிந்துகிடந்த படங்களில் கணிசமானவை தீயிலும் யூகான் ஆற்றிலும் முடிந்தன. ஆற்றில் போட்டது நமக்குக் கொடூரமாகப் படும். அந்த ஊருக்கு அது வழக்கம்: வேண்டாத பொருளை உறைந்த ஆற்றின் மேல் வைத்தால் வசந்தத்தில் பனிப்பாளம் உடையும்போது ஆறே கொண்டுபோய்விடும்.

கிளிஃபர்ட் தாம்சன் அப்போது அந்த வங்கியில் வேலை பார்த்தவர், ஹாக்கிச் சங்கத்தின் பொருளாளரும் அவரே. அவரிடம் இரண்டு தொல்லைகள். ஒன்று, இந்தப் படப்பெட்டிகள். இன்னொன்று, டி.ஏ.ஏ.ஏ.வின் சறுக்கு மைதானம். நீச்சல் குளம் மைதானத்தின் நடுவில் இருந்தது. குளிர்காலத்தில் குளத்தின் மேல் பலகை போட்டு, தண்ணீர் விட்டு உறையவைத்தால், குளத்துக்கு மேலே இருக்கும் பனி மட்டும் ஒரு சீராக நிற்காது. ஹாக்கி விளையாடுபவர்கள் புகார் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். குளத்தை மூடிவிடலாம் என்று முடிவாயிற்று. குழியை நிரப்ப ஏதாவது வேண்டும். தாம்சன் ஐந்து லட்சம் அடிப் படச்சுருளை அதில் அடுக்கினார். மேலே பலகை, அதற்கு மேல் மண், அதற்கு மேல் தண்ணீர். மைதானம் சமமானது.

தாம்சனைத் தீர்க்கதரிசி ஆக்கவேண்டியதில்லை. பாதுகாக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. ஒரு குழியும் ஒரு குவியலும் கண்முன் இருந்தன, இரண்டையும் சேர்த்துவைத்தார். ஆனாலும் பெட்டிகளை அவர் கொட்டவில்லை, அடுக்கினார். இதை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளமாட்டேன். டப்பாவோடு, சுருள் கலையாமல் அடுக்கியதால்தான் பிறகு எந்த ரீல் எந்தப் படம் என்று பிரிக்க முடிந்தது.

மண்ணுக்கடியில் 49 ஆண்டு

அக்காலப் படச்சுருள் செல்லுலோஸ் நைட்ரேட். பருத்தி இழையை நைட்ரிக் அமிலத்தோடு சேர்த்துச் செய்யும் பொருள். வெடிமருந்தாகப் பயன்பட்ட துப்பாக்கிப் பஞ்சுக்கு நெருங்கிய உறவு. தீப்பிடித்தால் எரியத் தேவையான ஆக்சிஜனைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும், அதனால் தண்ணீருக்குள் அமுக்கினாலும் அணையாது. தீ பிடிக்காவிட்டாலும் மெல்ல மெல்லத் தானே சிதையும். சிதைவில் வெளிவரும் நைட்ரஜன் ஆக்சைடு வாயு ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி மேலும் சிதைவைத் தூண்டும். முதலில் பிம்பம் மங்கிப் பழுப்பாகும், பிறகு பிசுபிசுக்கும், கொப்பளிக்கும், சுருள் முழுதும் ஒட்டி ஒரே கட்டியாகும், கடைசியில் பழுப்புத் தூள். வெப்பம் கூடினால் இந்தப் பயணம் வேகம் பிடிக்கும், குளிர்ந்தால் மிகவும் மெதுவாகும்.

டாசன் ஆர்க்டிக் வட்டத்துக்குத் தெற்கே முன்னூறு கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கொஞ்சம் ஆழம் தோண்டினாலே கோடையிலும் உருகாத நிலம். குளத்துக்குள் போன சுருள்கள் இந்தக் குளிரில் நின்றுவிட்டன. மேலே நடந்ததைப் பார்த்தால் பதறும். டி.ஏ.ஏ.ஏ.வுக்குப் புதிது புதிதாக நைட்ரேட் படங்கள் வந்துகொண்டே இருந்தன. 1951-இல் கட்டடம் தீப்பிடித்தபோது அந்தப் படங்களே நெருப்புக்குத் தீனியாகி வளாகம் முழுதும் எரிந்தது. அதே பொருள் சில அடி கீழே பனிக்கட்டிக்குள் ஒன்றும் ஆகாமல் கிடந்தது. கொட்டகை போயிற்று, அதில் ஓடிய படம் நின்றது. இந்த வரிசை உலகில் வேறெங்கும் பெரும்பாலும் தலைகீழாக இருக்கும்.

புதைத்த செய்தி ஊருக்குத் தெரியாததும் இல்லை. மைதானத்தின் நடுவே பனிக்கு மேல் எட்டிப்பார்க்கும் நாடா நுனிகளைச் சிறுவர்கள் கொளுத்தி விளையாடியதாக ஊர்க்காரர்கள் பிற்பாடு நினைவுகூர்ந்தார்கள். பெரியவர்கள் அதை ஒரு செய்தியாகவே கருதவில்லை. கீழே என்ன இருக்கிறது என்று ஊருக்குத் தெரியும். அதை வெளியே யாராவது கேட்பார்கள் என்றுதான் தெரியாது. பழைய கொட்டகைகளின் வரலாற்றைத் தேடிப் போகிறவர்கள் இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். “ஏதாவது பழைய படம் இருக்கிறதா?” என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். “சின்ன வயதில் அந்த மைதானத்தில் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டிருந்தால் இருபது வருடம் முன்னதாகவே தெரிந்திருக்கலாம்.

தோண்டிய பிறகு

பாரெட் நிறுத்தியதும் செய்தி, தேசியப் பூங்காத் துறையில் க்ளாண்டைக் வரலாற்றுப் பொருட்களுக்குப் பொறுப்பாக இருந்த மைக்கேல் கேட்ஸுக்குப் போனது. டாசன் அருங்காட்சியக இயக்குநர் கேத்தி ஜோன்ஸ் சேர்ந்துகொண்டார். ஒட்டாவாவிலிருந்து தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் தலைவர் சாம் கூலா வந்தார். பொறுப்பு யாருடையது என்ற இழுபறியில் கோடை கழிந்துபோகும் ஆபத்து இருந்தது. ஊர் அருங்காட்சியகம் ஆட்களைக் கொடுக்க, பூங்காத் துறை இடமும் அறிவும் கொடுக்க, தேசியக் காப்பகம் பின்னால் நின்றது. கேட்ஸும் ஜோன்ஸும் பிற்பாடு திருமணம் செய்துகொண்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊர் அந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை.

அடுத்த சிக்கலுக்கு யாரிடமும் ஆயத்தப் பதில் இல்லை. நிலத்துக்கு மேலே வந்த நொடியிலிருந்து சுருள்கள் உருக ஆரம்பித்தன. ஐம்பது ஆண்டு காத்த பனியே இப்போது தண்ணீராகி ஜெலட்டின் படலத்துக்குள் இறங்கியது. ஊறிய ஜெலட்டின் உப்பி, வழுக்கி, அடித்தகட்டை விட்டு நகரும். குளிர்ச்சியான கிடங்கில் வைத்தார்கள். ஒட்டாவாவுக்கு அனுப்ப வேண்டும். வணிகப் போக்குவரத்துக்காரர்கள் ஏற்கவில்லை. தானே தீப்பிடிக்கும் பொருளை யார் ஏற்றுவார்கள்? கடைசியில் கனடிய ராணுவத்தின் ஹெர்குலிஸ் விமானம் வந்து எடுத்துச் சென்றது.

ஒட்டாவாவில் கழுவி, உலர்த்தி, பொறுமையாகப் பிரித்துச் சுற்றி, பாதுகாப்பான புதிய ஃபிலிமுக்கு நகலெடுத்தார்கள். அமெரிக்கப் படங்கள் காங்கிரஸ் நூலகத்துக்குப் போயின. நகலெடுக்கும் வேலைக்கும் செலவுக்கும் அந்தப் பிரிவு தேவைதான். ஆனால் ஒரு சிற்றூரின் ஒரே குவியல், தயாரித்த நாட்டை வைத்து இரண்டு தலைநகரங்களுக்குப் பிரிந்ததில் ஓர் இழப்பும் இருக்கிறது. அவை ஒன்றாகக் கிடந்தபோது ‘டாசன் மக்கள் என்ன பார்த்தார்கள்’ என்ற கேள்விக்குப் பதிலாக இருந்தன. பிரிந்ததும் தனித்தனிப் படங்களாகிவிட்டன.

நழுவியது என்ன என்பதைத் திரையிலேயே பார்க்கலாம். டாசன் சுருள்களுக்கென்றே ஒரு கறை உண்டு. காப்பகத்தார் ‘டாசன் ஃப்ளட்டர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிம்பத்தின் ஓரத்திலிருந்து வெள்ளை நாக்குகள் உள்ளே நீண்டு நீண்டு துடிக்கும். அது ஏன் துடிக்கிறது என்று ஒரு சுருளைக் கையில் வைத்து நினைத்துப் பார்த்தால் புரிந்துவிடும். சுருள் தட்டையாகக் கிடக்கிறது. ஒரு பக்கத்தில் ஓரிடத்தில் தண்ணீர் இறங்குகிறது. அங்கே உள்சுற்றிலிருந்து வெளிச்சுற்றுவரை எல்லா அடுக்கின் ஓரமும் நனைகிறது. நாடாவைப் பிரித்து நீட்டினால் சுற்றுக்கு ஒரு கறை வீதம் வரிசையாக நிற்கும். 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஒரு கட்டத்தின், அதாவது ஒரு தனிப் பிம்பத்தின், உயரம் 19 மில்லிமீட்டர். நடுக்கருவின் குறுக்களவு 5 சென்டிமீட்டர் என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு எட்டுக் கட்டம். வெளியோரத்தில் 25 சென்டிமீட்டர் என்றால் நாற்பது கட்டத்துக்கும் மேல். விநாடிக்கு 16 கட்டம் ஓட்டும்போது, ஒரு முனையில் கறை விநாடிக்கு இரண்டு முறை துடிக்கும், மறுமுனையில் இரண்டரை விநாடிக்கு ஒரு முறை மூச்சு விடுவதுபோல் வந்துபோகும். எந்தப் பக்கம் நனைந்தது, எவ்வளவு ஆழம் நனைந்தது என்று சுருள் கிடந்த கிடையையே அந்தத் துடிப்பு சொல்லிவிடுகிறது. இந்தக் கறையைக் கணினியில் துடைத்துவிடும் வசதி இன்று இருக்கிறது. துடைக்காத ஒரு நகலையும் வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

என்ன கிடைத்தது

எல்லாரும் முதலில் கேட்பது, பெரிய படம் ஏதாவது கிடைத்ததா என்றுதான். கிடைத்தது. கோல்ட்வின் நிறுவனத்தின் முதல் படமான ‘பாலி ஆஃப் தி சர்க்கஸ்’ (1917), மே மார்ஷ் நடித்தது, இந்தக் குவியலில் இருந்தது. பேர்ல் வைட் நடித்த ‘பேர்ல் ஆஃப் தி ஆர்மி’ (1916) தொடரின் பகுதிகள் இருந்தன. டாட் பிரௌனிங் இயக்கிய படத்தின் பகுதியும் உண்டு.

ஆனால் என்னை இழுப்பது மற்றவை: வாரச் செய்திச்சுருள்கள், ஒற்றை ரீல் நகைச்சுவைகள், பாதி அத்தியாயம் மட்டும் மிஞ்சிய தொடர்கள், பெயர்போன யாரும் நடிக்காத குடும்பக் கதைகள். காப்பகங்கள் படம் சேர்க்கும்போது நல்லதைப் பொறுக்கும். பெயருள்ள இயக்குநர், பெயருள்ள நடிகை. டாசனில் யாரும் பொறுக்கவில்லை. ஒரு சிற்றூர்க் கொட்டகையில் சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை என்ன ஓடியதோ அது அப்படியே கிடக்கிறது. அக்கால மக்கள் உண்மையில் எதைப் பார்த்து வளர்ந்தார்கள் என்று கேட்டால், தேர்ந்தெடுத்த நூறு காவியங்களைவிட இந்த அரைகுறைக் குவியல் நேர்மையாகப் பதில் சொல்லும்.

இதற்கு இணையாக ஒன்றிரண்டு கண்டெடுப்புகளையே சொல்ல முடியும். 1994-இல் இங்கிலாந்தின் பிளாக்பர்னில் ஒரு பழைய கடையின் நிலவறையில் உலோகக் கலன்களுக்குள் கிடந்த, மிட்செல், கென்யன் என்ற இரு படப்பிடிப்பாளர்களின் நெகட்டிவ்கள் எண்ணூற்றுக்கும் மேல்; ஆலை விட்டு வெளியே வரும் தொழிலாளர்கள், தெருக்கள், திருவிழாக்கள். இன்னொன்று காகிதப் பிரதிகள்: 1912 வரை அமெரிக்காவில் படத்துக்குத் தனிப் பதிப்புரிமைச் சட்டம் இல்லாததால், கட்டம் கட்டமாகக் காகிதத்தில் அச்சிட்டுப் புகைப்படம் என்ற பெயரில் பதிவு செய்தார்கள். ஃபிலிம் போனபின்பும் காகிதச் சுருள்கள் தப்பின. மூன்றிலும் காத்தவர்களின் நோக்கம் வேறு.

அடையாளம் காணும் வேலைக்கும் துப்பு வேண்டும். முதல் அடிகள் போயிருந்தால் தலைப்பு இருக்காது. அப்போது நாடாவின் ஓரத்தைப் பார்க்கிறார்கள்: 1910களின் நடுவிலிருந்து கோடாக் தன் ஃபிலிமின் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று குறியிட்டது, எந்த ஆண்டு உருவான ஃபிலிம் என்பதை அது காட்டும். திருட்டு நகலைத் தடுக்க ஆரம்பகால நிறுவனங்கள் செட்டின் சுவரிலேயே தங்கள் சின்னத்தை மாட்டிவைத்தன. பாத்தே நிறுவனத்தின் சேவல் சின்னம் அப்படித்தான் பல படங்களைக் காட்டிக்கொடுக்கிறது. இடையில் வரும் டைட்டில் கார்டின் பூவேலையும் எழுத்து வடிவமும் இன்னொரு துப்பு.

95 ஆண்டு கழித்து வந்த பேஸ்பால் ஆட்டம்

இந்நிகழ்வில் எனக்கு மிகவும் உறைத்த பகுதி இது. 1919 அக்டோபரில் சிகாகோ வைட் சாக்ஸ், சின்சினாட்டி ரெட்ஸ் அணிகள் மோதிய உலகத் தொடர் அமெரிக்க விளையாட்டின் பெரும் களங்கம். சூதாடிகளிடம் பணம் வாங்கிக்கொண்டு தோற்றதாக எட்டு சிகாகோ ஆட்டக்காரர்கள் பேஸ்பாலிலிருந்தே நிரந்தரமாக விலக்கப்பட்டார்கள். அந்தத் தொடரை பிரிட்டிஷ் கனடியன் பாத்தே நியூஸ் படம்பிடித்திருந்தது. அந்தச் செய்திச்சுருள் டாசன் குளத்தில் இருந்தது. 1978-இல் மீட்டு, கழுவி, நகலெடுத்து, காப்பகத்தில் வைத்தார்கள். அதில் இருப்பது எது என்று வெளியுலகம் அறிந்தது 2014-இல்.

மண்ணுக்கடியில் 49 ஆண்டு. அலமாரியில் 36 ஆண்டு. இரண்டாவது காத்திருப்புக்குப் பனியைக் காரணம் சொல்ல முடியாது. நகலெடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது எல்லா மீட்புப் பணியிலும் வரும் தவறு. செய்திச்சுருளின் ஒவ்வொரு துண்டிலும் எந்த ஊர், எந்த நாள், என்ன நிகழ்ச்சி என்று யாராவது உட்கார்ந்து எழுதாதவரை அது இன்னொரு குளத்தில் கிடப்பதுபோலத்தான். காப்பகத்தில் ஆட்பலம் குறைவு என்பது நியாயமான பதில். ஆனால் டாசனுக்குத் தேவைப்பட்டது பேஸ்பால் தெரிந்த ஒரு கண். ஒரு படக் காப்பகத்தில் அந்தக் கண் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. வெளியாட்கள் பார்க்கும்படி திறந்துவைத்தால் அது தானாக வந்து சேரும்.

கொட்டகையின் வரலாறு எங்கே

ரீல்கள் படத்தின் வரலாற்றைச் சொல்லும். கொட்டகையின் வரலாறு அவற்றில் இல்லை. எந்த நாளில் ஓடியது, பியானோ யார் வாசித்தது, டிக்கெட் என்ன, எந்தப் படத்துக்குக் கூட்டம் நிரம்பியது என்பதற்கெல்லாம் வேறு இடம் பார்க்க வேண்டும். டாசனில் அந்த இடம் பத்திரிகை. ‘டாசன் டெய்லி நியூஸ்’ 1950கள்வரை வந்துகொண்டிருந்தது. கொட்டகை விளம்பரங்கள் அதில் உண்டு. குளத்தில் கிடைத்த ஒரு ரீலின் பெயரை அந்த விளம்பரத்தோடு பொருத்தினால், நாடா ஒரு மாலை நேரமாக மாறுகிறது. பில் மாரிசன் 2016-இல் எடுத்த ‘டாசன் சிட்டி: ஃப்ரோசன் டைம்’ ஆவணப்படம் இதைத்தான் செய்தது: மீட்ட படங்களையும் புகைப்படங்களையும் பத்திரிகைச் செய்திகளையும் கோத்து ஊரின் கதையைச் சொன்னது. கண்டெடுப்புக்கும் இந்தக் கோர்வைக்கும் இடையே 38 ஆண்டு.

புதைத்த காரணம் தெரிந்ததும் ஒரு மனிதர் உயிரோடு இருந்ததால்தான். தாம்சன் சொல்லாவிட்டால் குளத்தில் படம் கிடந்ததற்கு ஆளுக்கொரு கதை கட்டியிருப்போம். ரீல் இன்னும் ஐம்பது ஆண்டு மண்ணில் கிடக்கலாம். காரணம் தெரிந்தவர் அத்தனை நாள் இருக்கமாட்டார். எனவே சிற்றூர்க் கொட்டகை ஒன்றின் வரலாற்றை யாராவது எடுக்கப்போகிறார்கள் என்றால் நான் சொல்லும் வரிசை இதுதான்: முதலில் ஆட்கள். ஆப்பரேட்டர், டிக்கெட் கிழித்தவர், பெட்டி தூக்கியவர், கணக்கு எழுதியவர். அடுத்து காகிதம்: விளம்பரம், வாடகை ரசீது, பெட்டி அனுப்பிய கடிதம். கடைசியாகப் பொருள். ஆய்வாளர்கள் பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள், பொருள் கண்ணுக்குத் தெரிவதால்.

பொருள் கிடைத்தே விட்டால், அது நைட்ரேட்டாக இருக்கக்கூடும் என்று நினைத்துத் தொடங்க வேண்டும். டப்பாவை வெயிலில் வைத்துத் திறக்கக்கூடாது. ஆவலில் சுருளைப் பிரித்துப் பார்க்கக்கூடாது. ஈரமாகக் கிடைத்ததை அவசரமாகக் காயவைத்தால் அடுக்குகள் ஒட்டிக்கொள்ளும்; குளிர்ச்சியாக, கிடைத்த நிலையிலேயே வைத்து, காப்பகத்தாரைக் கூப்பிடுவதே நல்லது. டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டு, சுண்ணாம்புக் கட்டியால் எழுதிய எண், எதன் பக்கத்தில் எது கிடந்தது என்பது எல்லாம் உள்ளே இருக்கும் படத்துக்குச் சமமான சான்று.

1979-இல் மீட்ட படங்களில் சிலவற்றை டாசனுக்கே கொண்டுவந்து காட்டினார்கள். இடம், பேலஸ் கிராண்ட். பழைய அரங்கம் பாழாகிப்போக, 1960களின் தொடக்கத்தில் பூங்காத் துறை அதே உருவில் திரும்பக் கட்டியிருந்தது. பியானோ வாசிக்க ஆள் அமர்த்தியிருந்தார்கள். அரை நூற்றாண்டுக்கு முன் ஊரின் கடைசி ஆட்டத்தை முடித்த நாடாக்கள் மறுபடி அங்கே ஓடின, ஓரங்களில் வெள்ளையாகத் துடித்துக்கொண்டு.